டெஸ்ட் என்று ஓர் ஆறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்து என்றாலே தேம்ஸ் நதிதான். கிராமப்பக்கம் ஓடுகிற ஆறு ஒன்றைப் பற்றிச் சொல்லுங்களேன்?

பதில்: டெஸ்ட் ஆறு (கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). தெற்கே ஹாம்ப்ஷயரில், ஓவர்ட்டனுக்குப் பக்கத்தில் ஆஷ் என்ற சிற்றூரில் ஊற்றாகக் கிளம்பி, விட்சர்ச், ஸ்டாக்பிரிட்ஜ், ரோம்சி வழியாகச் சுமார் 64 கிலோமீட்டர் ஓடி, சவுத்தாம்ப்டனில் கடலோடு கலந்துவிடும். சின்ன ஆறுதான், ஆனால் தண்ணீர் அப்படி! குளிர்கால மழை வெள்ளைச் சுண்ணப்பாறைக்குள் இறங்கி, வடிந்து வடிந்து, மெதுவாக ஊறி வெளியே வருவதால் கோடையிலும் வற்றுவதில்லை, கலங்குவதில்லை, பெரிதாகச் சூடாவதும் இல்லை.

நல்ல காகிதத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும் இல்லையா? மத ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரான்சிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி போர்ட்டல், இதே ஆற்றங்கரையில் உள்ள லேவர்ஸ்டோக்கில் காகித ஆலை வைத்து, 1724இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டுகளுக்குக் காகிதம் தரும் ஒப்பந்தத்தைப் பிடித்தார். விக்டோரியா ராணி படம் போட்ட பழைய இந்திய ரூபாய் நோட்டுகளுக்கும் காகிதம் இந்த ஆலையிலிருந்துதான் போனது. 2014 முதல் அதே வளாகத்தில் பாம்பே சஃபையர் என்ற ஜின் மதுவைத் தயாரிக்கிறார்கள். இந்தியத் தொடர்பு பெயரளவில் பாக்கி இருக்கிறது!

கேள்வி: அங்கே யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாமா?

பதில்: அந்த ஆசையே வேண்டாம். இங்கிலாந்தில் இதுபோன்ற ஆறுகளில் மீன்பிடி உரிமை பொதுவாகக் கரை நிலத்துக்குச் சொந்தக்காரருடையது, அல்லது அவரிடம் வாங்கியவருடையது. டெஸ்ட்டில் ட்ரவுட் மீனுக்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவதால் ஒருநாள் அனுமதியே பர்ஸைக் காலி செய்துவிடும். ஸ்டாக்பிரிட்ஜில் 1822இல் தொடங்கிய ஹௌட்டன் மீன்பிடி கிளப்பில் உறுப்பினர்களே வெகு சிலர்தான், பணம் இருந்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியால்தான் பிடிக்க வேண்டும், புழு மாட்டினால் மானம் போய்விடும். எனக்கு இது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது, ஆனாலும் அந்த மீனுக்காகவே கரையைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள் இவர்கள் என்பதையும் மறுக்க முடியாது. இப்போது தகராறு வேறு: சவுத்தாம்ப்டன் பக்கத்து வீடுகளுக்கும் குடிநீர் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள், மழை குறைந்த வருடம் வந்தால் குழாய்க்கா மீனுக்கா என்று சண்டை ஆரம்பித்துவிடும்.

சும்மா பார்க்கக் காசு வேண்டாம். ஸ்டாக்பிரிட்ஜ் கடைத்தெருவுக்கு அடியிலேயே ஆறு பல கிளைகளாகப் போகிறது, பாலத்தில் நின்றால் ட்ரவுட் தெரியும்.