வாலிபால் புள்ளிவிவரக் கோப்பு கையில் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் ஒரு கல்லூரி வாலிபால் அணியின் பயிற்சியாளர். கடைசியாக ஆடிய தொடரில் எங்கள் நான்கு ஆட்டங்களையும் ஒருவர் கணினியில் பதிவு செய்து, டிவிடபிள்யூ என்று முடியும் நான்கு கோப்புகளையும் அச்சு அறிக்கைகளையும் வீடியோக்களையும் தந்தார். கோப்பைத் திறக்க என்னிடம் மென்பொருள் இல்லை. அறிக்கையில் எண்கள் குவிந்து கிடக்கின்றன. எங்கள் முக்கிய அவுட்சைட் ஹிட்டர் (வலையின் இடப்பக்கத்திலிருந்து அடிப்பவர்) 45 சதவீதம் அடித்திருக்கிறார் என்கிறது அறிக்கை. அப்படியும் நான்கில் மூன்று ஆட்டங்கள் தோற்றோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: முதலில் கோப்பை முடித்துவிடுவோம், அது சுலபம். டிவிடபிள்யூ என்பது இத்தாலியின் டேட்டா புராஜெக்ட் நிறுவனம் விற்கும் டேட்டா வாலி மென்பொருளின் கோப்பு. பெரிய லீக் ஆட்டங்களில் மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் மடிக்கணினியை விட்டுக் கண்ணையும் கையையும் எடுக்காமல் தட்டிக்கொண்டிருப்பாரே, பெரும்பாலும் அவர் தட்டுவது இதில்தான். உள்ளே இருப்பது வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே தெரியும். மேலே அணிகள், வீரர்கள், செட் ஸ்கோர்கள். கடைசிப் பகுதி ஸ்கவுட். அதில் பந்தை ஒருவர் தொட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. வீரர் பெயர்களில் சில எழுத்துகள் சிதைந்து தெரியலாம். எந்த எழுத்துக் குறியாக்கத்தில் எழுதினோம் என்பதைக் கோப்பு சொல்லாததால் வரும் கோளாறு அது. சட்டை எண் சரியாக இருந்தால் போதும்.

பணம் கொடுக்காமல் இதைப் படிக்க நல்ல வழி ஓப்பன்வாலி திட்டம். ஆர் நிரல்மொழியில் இயங்கும் டேட்டாவாலி என்ற இலவசத் தொகுப்பு, கோப்பை ஒரே கட்டளையில் அட்டவணையாக்கித் தரும். உங்கள் கல்லூரியில் புள்ளியியலோ கணினியோ படிக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்தால் ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும். நிரல் வேண்டாம் என்றால் ஸ்கவுட் பகுதியை மட்டும் வெட்டி எக்செலில் ஒட்டி, அரைப்புள்ளியை வைத்து நெடுவரிசைகளாகப் பிரியுங்கள். எனக்கு இந்த நாட்டு வைத்தியம் பிடிக்கும். கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஒரு வரியின் தொடக்கம் இப்படி இருக்கும்: நட்சத்திரக் குறி என்றால் உள்ளூர் அணியாகப் பதிவானது, சிறிய ஏ என்றால் எதிரணி. அடுத்து சட்டை எண். அடுத்த எழுத்து என்ன செய்தார் என்பது: எஸ் சர்வ், ஆர் ரிசீவ் (சர்வை எடுத்துச் செட்டருக்குப் பாஸ் செய்வது), இ செட் (அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுப்பது; அதைச் செய்பவர்தான் செட்டர்), ஏ அட்டாக், பி (B) பிளாக் (அடியை வலையருகே கையால் தடுப்பது), டி டிஃபென்ஸ் (எதிரணி அடித்த பந்தை எடுப்பது). அதற்கடுத்து சர்வ் அல்லது அடியின் வகை, பிறகு தரக்குறி. தரக்குறிகள் ஆறு: #, +, !, -, /, =. இதில் # மிக நன்று, = பிழை. நடுவில் இருப்பவைதான் ஆளைக் குழப்பும். சாய்கோடு அட்டாக்கில் வந்தால் பிளாக் ஆகிவிட்டது என்று பொருள், அதாவது பாயிண்ட் போச்சு. அதே சாய்கோடு சர்வில் வந்தால் நல்ல செய்தி. எதிரணியின் ரிசீவ் அட்டாக் அடிக்க முடியாதபடி கெட்டுவிட்டது. குறியைப் பார்த்து முடிவு கட்டாமல், எந்த வேலைக்கு வந்த குறி என்று பார்க்க வேண்டும்.

எண்களுக்குள் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. பதிவு செய்தவரைப் பிடித்து, "ரிசீவில் + எது, ! எது?" என்று கேளுங்கள். வழக்கமான வரையறைப்படி, செட்டரால் வலையின் நடுவில் நிற்கும் மிடில் பிளாக்கருக்கு வேகப் பந்து கொடுக்க முடியாத அளவுக்குப் பாஸ் விலகினால் அது !. ஆனால் முடியுமா முடியாதா என்பது பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. நானும் நண்பர் ஒருவரும் ஒரே செட்டைத் தனித்தனியாகப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்தோம். சர்வ் பிழை, ஏஸ் (சர்விலேயே பாயிண்ட்), கில் (அடியிலேயே பாயிண்ட்) எல்லாம் அப்படியே பொருந்தின. ரிசீவின் நடுத் தரங்களில் மட்டும் இருவருக்கும் ஒத்தே வரவில்லை. அவர் முன்னாள் செட்டர், "இதை நான் கொடுத்திருப்பேன்" என்பார். அதனால் நான்கு ஆட்டங்களையும் ஒருவரே பதிவு செய்தாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மாறியிருந்தால் ரிசீவ் சதவீதங்களை ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பிடாதீர்கள். மென்பொருள் எண்ணுவது பந்தை அல்ல, ஒருவர் தட்டிய குறியை.

சரி, உங்கள் 45 சதவீதத்துக்கு வருவோம். அறிக்கையில் அந்த எண் பெரும்பாலும் கில் சதவீதம்: அடித்ததில் எத்தனை நேராகப் பாயிண்ட் ஆனது என்பது. எதிரணிக்கு அவர் கொடுத்த பாயிண்ட் அதில் வராது. கணக்குப் புரிய ஒரு கற்பனை உதாரணம். ஒருவர் 40 முறை அடிக்கிறார். 18 கில், 6 பந்து வெளியிலோ வலையிலோ, 5 பிளாக். கில் 45 சதவீதம். ஆனால் செயல்திறன் என்பது கில்லிலிருந்து பிழையையும் பிளாக் ஆனதையும் கழித்து மொத்தத்தால் வகுப்பது: 18 கழித்தல் 11, அதாவது 7; நாற்பதுக்கு 17.5 சதவீதம். இன்னொருவர் 24 முறை அடித்து 9 கில், 1 பிழை, 1 பிளாக். கில் 37.5தான். செயல்திறனோ 29 சதவீதம். அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்தால் முதலாமவர் நட்சத்திரம்.

இதை வைத்து உடனே முதலாமவரை உட்கார வைத்துவிடாதீர்கள். எந்தப் பந்துகளை அடித்தார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸ் கெட்டு, செட்டர் ஓடிப்போய் உயரமாகத் தூக்கிவிட, இரண்டு மூன்று பேர் பிளாக்குக்குக் காத்திருக்கும் பந்தெல்லாம் எல்லா அணியிலும் அவுட்சைட் ஹிட்டர் தலையில்தான் விழும். அதனால் அட்டாக்கை மூன்று கூறாக்குங்கள்: நல்ல ரிசீவுக்குப் பின் அடித்தது, கெட்ட ரிசீவுக்குப் பின் அடித்தது, டிஃபென்ஸ் எடுத்துத் திருப்பி அடித்தது. நல்ல பாஸிலும் செயல்திறன் குறைவாக இருந்தால் அடிப்பவரிடம் பேசலாம். கெட்ட பாஸில் மட்டும் குறைந்தால் ரிசீவ் செய்பவர்களிடம் பேச வேண்டும். ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்து இதைச் செய்யாதீர்கள். எட்டு முறை அடித்தவருக்கு ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதிலேயே கில் 12.5 சதவீதம் ஏறி இறங்கும். நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் தனி ஆள் எண்ணிலேயே தொடங்க மாட்டேன். முதலில் திறப்பது ரொட்டேஷன் வாரியான சைட் அவுட். எதிரணி சர்வ் செய்த ராலிகளில் (ஒரு சர்வ் முதல் அதற்கான பாயிண்ட் வரை ஒரு ராலி) எத்தனையை நாம் வென்றோம் என்பதுதான் சைட் அவுட். ரொட்டேஷன் என்பது வீரர்கள் இடம் மாறிச் சுழலும்போது வரும் நிலை. செட்டர் நிற்கும் இடத்தை வைத்து பி1 (P1) முதல் பி6 வரை ஆறு ரொட்டேஷன்; ஆறுக்கும் தனித்தனியாக இந்தச் சதவீதம் வேண்டும். அச்சு அறிக்கையில் ரொட்டேஷனுக்குக் கூட்டல் கழித்தல் போட்டிருக்கலாம். அதில் நாம் சர்வ் செய்த ராலியும் ரிசீவ் செய்த ராலியும் கலந்துவிடும், அதனால் அது போதாது.

எக்செலில் எடுப்பது இப்படி. எதிரணியின் சர்வ் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். பத்தாவது நெடுவரிசை உள்ளூர் அணியின் செட்டர் நிற்கும் இடம், பதினொன்றாவது எதிரணியின் செட்டர் இடம். அந்தச் சர்வுக்கு அடுத்து வரும் பாயிண்ட் வரி, அதாவது அணிக்குறிக்குப் பின் சிறிய பி (p) எழுத்தும் ஸ்கோரும் உள்ள வரி, யாருக்குப் பாயிண்ட் என்று சொல்லும். ரிசீவ் வரிகளை எண்ணாமல் சர்வ் வரிகளை எண்ணுவதற்குக் காரணம் உண்டு: எதிரணி சர்வை வலையில் அடித்தால் ரிசீவ் வரியே இருக்காது, ஆனால் அதுவும் நமக்குச் சைட் அவுட்தான். நீங்கள் எந்த ஆட்டத்தில் உள்ளூர் அணியாகப் பதிவானீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நான் ஏமாந்து, எதிரணியின் பலவீனத்துக்கு என் அணிக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வென்ற சைட் அவுட்களின் எண்ணிக்கை ஆறு ரொட்டேஷனிலும் ஏறக்குறைய சமமாகத்தான் வரும். சைட் அவுட் வென்றால்தானே அணி சுழல்கிறது, வெல்லும்வரை அதே ரொட்டேஷனில் நிற்க வேண்டியதுதான். வித்தியாசம் தெரிவது தோற்றதில். மறுபடி ஒரு கற்பனைக் கணக்கு: 14 செட்டில் பி1-இல் 66 முறை எதிரணி சர்வ், 29 வென்றோம், 37 தோற்றோம், 44 சதவீதம். மற்ற ஐந்திலும் சேர்த்து 242-க்கு 150, 62 சதவீதம். மொத்தம் 308-க்கு 179, அதாவது 58 சதவீதம். மொத்த எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் மற்ற ரொட்டேஷன்களில் தலா 18 பாயிண்ட் போக, பி1-இல் மட்டும் 37 போயிருக்கிறது. 25 பாயிண்ட் செட்டில் எதிரணி ஒரே மூச்சில் ஐந்து ஆறு எடுப்பது இப்படி ஓர் இடத்தில் சிக்கிக்கொள்ளும்போதுதான்.

பி1 என்று சும்மா சொல்லவில்லை. ஒரு செட்டர் வைத்து ஆடும் 5-1 முறையில், பி1-இல் ஆப்போசிட் (சுழற்சியில் செட்டருக்கு நேரெதிரே நிற்பவர், வழக்கமாக வலப்பக்கம் அடிப்பவர்) நான்காம் இடத்திலும், அதாவது வலையருகே இடப்பக்கத்திலும், அவுட்சைட் ஹிட்டர் ஒருவர் இரண்டாம் இடத்திலும், அதாவது வலையருகே வலப்பக்கத்திலும் நிற்பார்கள். ரிசீவ் செய்த கையோடு அடிக்கும்போது, பல அணிகளில் இருவருமே பழகாத பக்கத்திலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். உங்கள் அணியில் குழி வேறு ரொட்டேஷனில் இருக்கலாம். பி4, பி3, பி2 மூன்றிலும் செட்டர் முன்வரிசையில் இருப்பதால் முன்னால் அடிப்பவர் இருவர்தான். அங்கே பின்வரிசை அட்டாக் இல்லாத அணி திணறும்.

குழி எது என்று தெரிந்ததும் எண்களை மூடிவைத்துவிட்டு வீடியோவுக்குப் போங்கள். மென்பொருளின் உண்மையான பயன் என்னைப் பொறுத்தவரை இதுதான். ஸ்கவுட் வரியில் பதின்மூன்றாவது நெடுவரிசை வீடியோவின் எத்தனையாவது நொடி என்பது, ஒத்திசைத்திருந்தால். விலைக்கு வாங்கும் மென்பொருளில் தோற்ற அந்த ராலிகளை வடிகட்டிச் சொடுக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். உங்களிடம் இல்லையென்றால் நொடிகளைத் தாளில் எழுதிக்கொண்டு சாதாரண வீடியோ பிளேயரில் தாவிப் பாருங்கள். வீடியோவின் தொடக்கத்தை யாராவது வெட்டியிருந்தால் எல்லா நொடியும் ஒரே அளவு தள்ளியிருக்கும். முதல் சர்வை வைத்து அந்த அளவைக் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். முப்பத்தேழு ராலியைப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது. பாஸ் எங்கே விலகுகிறது, எதிரணி யாரைக் குறிவைத்து சர்வ் அடிக்கிறது, செட்டர் யாரை மறந்தே போகிறார் என்பதெல்லாம் பத்தாவது ராலிக்குள் பிடிபட்டுவிடும்.

சர்வுக்கும் இதே பார்வைதான். ஏஸ் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அவர் சர்வ் செய்த ராலிகளில் எத்தனை நமக்குப் பாயிண்ட் ஆனது என்று ஆள் வாரியாகப் பாருங்கள். ஏஸே இல்லாமல் எதிரணியின் பாஸைத் தொடர்ந்து கெடுக்கும் ஒருவர் அந்தப் பட்டியலில் மேலே வருவார். பிளாக், டிஃபென்ஸ் எண்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கில் பிளாக் தவிர மற்றதெல்லாம் பதிவு செய்பவரின் கண்ணைப் பொறுத்தது.

இனி நீங்களே பதிவு செய்வதென்றால் எல்லாத் தொடுதலையும் தட்ட வேண்டியதில்லை. ராலிக்கு ஒரு வரி: யார் சர்வ், நமது செட்டர் எந்த இடம், ரிசீவுக்கு 0 முதல் 3 வரை ஒரு மதிப்பெண், யாருக்குப் பாயிண்ட். பெஞ்சில் உட்காரும் வீரர் ஒருவரே எழுதிவிடுவார்.

பழைய ஆட்டங்களுக்குக் கோப்பே இல்லையென்றாலும் முழு ஸ்கோர் ஷீட் இருந்தால் போதும். அதில் ஒவ்வொரு சர்வர் முறையும் முடியும்போது அந்த அணியின் ஸ்கோர் எழுதப்பட்டிருக்கும். எதிரணியின் ஒரு முறையின் எண்ணிலிருந்து அதற்கு முந்தைய முறையின் எண்ணைக் கழித்து, இன்னும் ஒன்றையும் கழியுங்கள்; அந்த ஒன்று அவர்கள் சர்வைப் பிடுங்கிய பாயிண்ட். மீதி வருவதுதான் அந்த ரொட்டேஷனில் நீங்கள் தொடர்ந்து விட்ட பாயிண்ட். தொடக்க வரிசையிலிருந்து நம் செட்டர் அப்போது எங்கே நின்றார் என்று எண்ணிக்கொள்ளலாம். செட்டில் முதலில் சர்வ் செய்த அணியின் முதல் முறைக்கு மட்டும் எதையும் கழிக்காதீர்கள். எழுதியிருக்கும் எண்ணே விடை.