டிரம்மில் தண்ணீர் குறையக் குறைய குழாயில் வேகமும் ஏன் குறைகிறது?

உங்கள் வீட்டிலும் தண்ணீர் வெட்டு போலிருக்கிறது, டிரம்மில் பிடித்துவைத்துப் புழங்குகிறீர்கள். அடைப்பு என்று பிளம்பருக்குக் காசு அழாதீர்கள். துளைக்கு மேலே நிற்கும் தண்ணீரின் உயரம்தான் வேகத்தை முடிவு செய்கிறது, அதுவும் உயரத்தின் வர்க்கமூலப்படி. இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644-லேயே எழுதிவிட்டார். 60 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 3.4 மீட்டர், 15 செ.மீ.க்கு இறங்கினால் அதில் பாதி. (உராய்வால் நிஜத்தில் இன்னும் குறையும். வாத்தியார்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) நேரான டிரம்மில் மேல்பாதி இறங்க மொத்த நேரத்தில் 30 சதவீதம்கூட ஆகாது, மிச்சத்தையெல்லாம் கீழ்ப்பாதி தின்றுவிடும்.

இதில் எனக்குப் பழைய கடுப்பு ஒன்று உண்டு. மலேசியாவில் பினாங்குத் தைப்பூசத்தில், தண்ணீர்மலை முருகன் கோயில் போகும் வழியில் எங்கள் பந்தல். சிராப் (ரோஸ் சர்பத்) டிரம் என் பொறுப்பு. மத்தியானம் கூட்டம் நெரிக்கும்போது குழாய் நூல் மாதிரி ஒழுகியது. சப்ஜா விதை அடைத்ததா என்று குச்சி விட்டும் பார்த்தாகிவிட்டது. கமிட்டிப் பெரியவர் எல்லார் முன்னாலும், "ஏன் தம்பி, மிச்சம் புடிக்கிறியா?" என்றார். நான் உயரக் கணக்கைச் சொன்னதும், டிரம்மையே உயரமான மேசைக்கு ஏற்றச் சொன்னார்! மேசை உயர்ந்தால் துளைக்கு மேலே இருக்கிற சிராப் உயருமா?

குழாயில் ஒரு ரப்பர் டியூப்பைச் செருகி, வாயை மேசைக்குக் கீழே தொங்கவிட்டேன். டியூப் முழுக்க நிரம்பி ஓடினால் உயரம் அதன் வாயிலிருந்து கணக்காகும். அடிமண்டி சிராப்கூடப் பீறிட்டது. "பாத்தியா, மேசை ஒசந்ததும் வருது" என்றார் பெரியவர். உயரமான மேசையால் டியூப் நீளமாகத் தொங்கியது உண்மைதான் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சரி, டியூப் யாருடையது?

அந்தப் பந்தலில் டிரம்மைவிடப் பெரிதாக இருந்தது நன்கொடையாளர் படம் போட்ட பேனர். ஊற்றுகிறவனுக்கு நிற்க நிழல் கிடையாது. அதைக் கேட்டால் இன்னொரு சண்டை.

உங்கள் டிரம்மிலும் டியூப் போட்டுப் பாருங்கள். மூடியை மட்டும் இறுக்காதீர்கள். உள்ளே காற்று போக வழியில்லாவிட்டால் டிரம் நிறைந்திருந்தாலும் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும்.