கேமரன் மலையில் மாவு ஏன் பொங்கவில்லை? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் கேமரன் மலை பற்றிய கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. அது சொல்லாததைக் கேட்ட கடிதங்களை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொண்டோம்.

வாடகை வீட்டில் மூன்று நாள் தங்கினோம். கொண்டுபோன இட்லி மாவு இரவு முழுக்க வெளியே இருந்தும் பொங்கவில்லை. துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் மசியவில்லை. கோளாறு மாவிலா, பருப்பிலா? – ஈசூன் வாசகி

இரண்டிலும் இல்லை அம்மா, உயரத்தில். மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். இங்கே சிங்கப்பூரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தீயைக் கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். ஆகவே பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கொண்டைக்கடலை குளிர்ந்த நீரில் ஒரே இரவில் சரியாக ஊறாது, அதற்கும் வெந்நீர்தான். திறந்த பாத்திரத்தில் சோறு வடிப்பவர்கள் தண்ணீரை ஒரு கை கூட்டிவைக்க வேண்டும்.

மாவின் கதை வேறு. நம் வீட்டுச் சமையலறை 28, 29 டிகிரியில் இருப்பதால் ஏழெட்டு மணி நேரத்தில் மாவு தட்டை முட்டும். தானா ராத்தாவில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் மாவு சாகாது, தூங்கும். ஐஸ் பெட்டி கொண்டுபோயிருந்தால் அதையே தலைகீழ் வேலைக்குப் பயன்படுத்தலாம்: இரண்டு பாட்டில் வெந்நீரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, நடுவில் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடுங்கள். படுக்கும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் காலையில் மாவு எழும்பியிருக்கும். பாட்டில் பாத்திரத்தை ஒட்டி இருக்கக் கூடாது. ஒட்டிய பக்கம் மாவு வெந்து கட்டியாகும். கடையில் வாங்கிய பாக்கெட் மாவென்றால், குளிர் விட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். கொதிநிலை குறைவென்பதால் இட்லி வேகவும் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும். வழியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பிக்கொள்வதும் இதே காற்றழுத்தக் குறைவால்தான்.

எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரைக் காரில் அழைத்துப் போகிறோம். எந்தச் சாலை நல்லது? – உட்லண்ட்ஸ் வாசகர்

கேமரன் மலை பாகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் நாம் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போய் ஏறும் இரண்டு சாலைகளும் பேராக் மாநிலத்தில் தொடங்குகின்றன. தாப்பாவிலிருந்து ஏறுவது 1931இல் திறந்த பழைய சாலை. குறுகலானது, வளைவுக்குப் பின் வளைவு. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக ஏறுவது அகலமானது, வளைவுகளும் நிதானமானவை. சுற்று அதிகம்தான். ஆனாலும் பெரியவர்களின் வயிற்றை நினைத்தால் அதுவே மேல்.

சிங்கப்பூர்க் கார் உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் வேண்டும் என்பது சோதனைச் சாவடியின் கணக்கு. மலைக்குக் கணக்கு வேறு. அடிவாரத்தில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மதியத்துக்குப் பின் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும், ஆகவே நண்பகலுக்குள் மேலே போய்விடுவது நல்லது. தலைசுற்றல் மாத்திரையை முதல் வளைவில் கொடுத்துப் பயனில்லை. அரை மணி நேரம் முன்பே, நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே கொடுத்துவிடுங்கள். வேறு மருந்து சாப்பிடுபவர்களுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, நாசி லெமாக்கை முழுதாகச் சாப்பிட்ட வயிறும் ஆகாது.

சிக்கல் பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஆட்டோ கியர் காரை ‘டி’யிலேயே விட்டு, கீழே வரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் குறையும். கருகல் வாடை வரும். குறைந்த கியருக்கு மாற்றி, வண்டியின் வேகத்தை எஞ்சினே பிடித்து வைக்கும்படி இறங்குங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொதிக்கும் இரும்புத் தட்டு சட்டென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும்.

தேயிலைச் செடிகள் எல்லாம் இடுப்பு உயரத்தில், கத்தரித்த மாதிரி ஒரே மட்டமாக இருக்கின்றனவே, அந்த வகையே அப்படித்தானா? – சுவா சூ காங் மாணவி

இல்லை. தேயிலை ஒரு மரம். விட்டால் இரண்டு மாடி உயரத்துக்கும் போகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிக் குட்டையாக்கி, இடையில் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி அந்த மட்டத்தைக் காக்கிறார்கள். நுனி போனால் பக்கத்தில் பல நுனிகள் துளிர்க்கும். எல்லாப் பிழைப்பும் அந்தத் துளிரில்தான். கேமரனில் அநேகமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்புவார்கள். நாள் தள்ளினால் இலை முற்றி நார் ஏறிவிடும்.

‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்று அங்கே விரலால் கிள்ளுவது அரிது. சரிவு அனுமதிக்கும் இடத்தில் ஒரு வரிசையின் இருபுறமும் ஆள் நின்று இயந்திரத்தைப் பிடித்து இழுப்பார்கள். செங்குத்தான இடத்தில் பை கட்டிய கத்தரி. பையில் இலையை அமுக்கித் திணித்தால் உள்ளே சூடேறி, ஆலைக்குப் போகும் முன்பே இலை சிவந்துவிடும். அந்தத் தூள் நன்றாக வராது.

ஆலையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடவைத்து, பிறகு உருட்டுவார்கள். நசுங்கிய இலையின் சாறு காற்றில் பட்டுச் செம்பு நிறமாகும். இதைப் புளிக்கவைத்தல் என்று சொன்னாலும் மாவு புளிப்பதுபோல் அல்ல. வெட்டிய ஆப்பிள் கறுக்கிறதே, அந்த வகை. சரியான நிறம் வந்ததும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். நாலைந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் தேறும்.

ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். காட்டை வெட்டித் தோட்டங்களில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), தண்டல் (மேற்பார்வையாளர்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) என்ற சொற்கள் அவர்களோடு இருந்தவை. இப்போது கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள்.

மலை முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் கூரையாக இருக்கிறது. காய்கறிக்குக் குளிர் போதாதா? – தோ பாயோ வாசகர்

குளிர் போதும், மழைதான் அதிகம். திறந்தவெளியில் நாற்று சாயும், உரம் கரைந்தோடும், தக்காளி இலையில் பூஞ்சை பிடிக்கும். கூரை போட்டால் பயிர் தப்பும். விவசாயி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் மண்ணில் ஊற வேண்டிய தண்ணீர் கூரையிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி, சரிவை அரித்து, சேறாக ஆற்றில் விழுகிறது. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரி, ரிங்லெட் அருகே, வண்டல் சேர்ந்து மேடாகிக்கொண்டே வருகிறது. தூர் வாரினாலும் மழைக்கு மழை சேறு வருகிறது. 2013 அக்டோபரில் அணையைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

அங்கே ஸ்ட்ராபெரி வாங்கினால் காம்பருகே வரை சிவந்ததாகப் பாருங்கள். பறித்த பின் அது மேலும் பழுக்காது. தோள்பட்டை வெள்ளையாக இருந்தால் வீடு வரும்போதும் புளிப்புதான்.

கேமரன் மலை டுரியான் உண்டா? – அங் மோ கியோ வாசகர்

அந்தக் குளிருக்கு டுரியான் ஒத்துவராது. தென்னையும் அப்படித்தான். தாப்பா சாலையோரத்தில் செமாய் பூர்வகுடி மக்கள் கடை போட்டிருப்பார்கள். பெத்தாய் என்ற வாடை மிகுந்த அவரைக் காயும் காட்டுத்தேனும் அங்கே கிடைக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.