ஒலிக்காத ‘பி’

அன்புள்ள ஐயா,

கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘பி’ எதற்கு என்று எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டாள். முன்பு ஒலித்த எழுத்து, காலப்போக்கில் ஊமையாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். சரிதானா? எழுதுகிறபடியே படிக்கும் தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளின் கேள்வி அருமை. உங்கள் பதில்தான் தப்பு. ஒரு நல்ல அகராதியைப் புரட்டியிருக்கக் கூடாதா?

அந்த பி ஆங்கிலத்தில் ஒருநாளும் ஒலித்ததில்லை. போர்வீரனைச் சொல்லும் ‘நைட்’டின் கே நிஜமாகவே ஒலித்து ஓய்ந்த எழுத்து, பழைய ஆங்கிலத்தில் அது ‘க்னிஹ்ட்’. டெட் அந்த ரகமல்ல.

லத்தீனில் ‘டே’ என்றால் ‘இடமிருந்து’, ‘ஹபேரே’ என்றால் வைத்திருப்பது. இரண்டும் ஒட்டி ‘டேபேரே’: பிறத்தியார் பொருளைக் கையில் வைத்திருப்பது, அதாவது கடன்பட்டிருப்பது. பட்ட கடன் ‘டேபிடும்’, பன்மையில் ‘டேபிடா’. பேச்சில் நடு இகரம் விழுந்தது. பியும் டியும் முட்டிக்கொண்டன, முன்னது பின்னதைப் போலவே ஆகிவிட்டது. பழைய பிரெஞ்சில் ‘டெட்ட’. 1066இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் வழியே பிரெஞ்சுச் சொற்கள் அங்கே குடியேறியபோது போய்ச் சேர்ந்தது இந்த பி இல்லாத உருவம். ஆங்கிலேயரும் வெகுகாலம் அப்படியேதான் எழுதினார்கள்.

பிறகு 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்த கனவான்கள் மூலத்தைக் காட்டுகிறோம் என்று பியைச் செருகினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் செருகிப் பார்த்து, புத்தி வந்து எடுத்துவிட்டார்கள். 1598இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபர்னஸ் என்ற வாத்தியார், பியை விட்டுவிட்டு உச்சரிக்கிறார்களே என்று பொருமுவார். வாயில் இருந்தால்தானே விடுவதற்கு! தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் ஒலிக்காமல் நிற்கும் எஸ்ஸின் கதை இன்னும் மோசம். அது அசல் ஆங்கிலச் சொல். தீவுக்கான லத்தீன் சொல் ‘இன்சுலா’வோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. இன்சுலா வழிவந்த ‘ஐல்’ என்ற சொல்லைப் பார்த்து ஐலண்டுக்கும் ஒரு எஸ்ஸை மாட்டிவிட்டார்கள்.

தமிழ்ப் பெருமையை விடுங்கள். ‘சப்தம்’ என்று எழுதிவிட்டுச் ‘சத்தம்’ போடுகிறவர்கள் நாம். டெட்டில் நடந்த அதே முட்டல்தான் இது. முக்தி முத்தியானதும் அப்படியே.

மகளிடம் வீட்டிலுள்ள டெபிட் கார்டைக் காட்டுங்கள். அதே வேர்தான், லத்தீன் உருவத்தை ஒட்டிப் பிற்பாடு எடுத்த சொல் என்பதால் பி வாய்விட்டு ஒலிக்கிறது. மாதாமாதம் கட்டும் ‘டியூ’வும் டேபேரேயின் வாரிசு. பிரெஞ்சு வழியில் அதன் பி அடியோடு கரைந்துபோனது. நல்லவேளை, எந்தக் கனவானும் அதைத் திருப்பிச் செருகவில்லை.