உயர்த்திய எஸ்.யூ.வி.க்கு எந்த டயர், எந்த வீல்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் எஸ்.யூ.வி.யில் வண்டியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருத்திவிட்டேன். வண்டியோடு வந்த டயர் 265/70 ஆர்17. இப்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை தாராளமாக நுழைகிறது. ஆகவே 315/70 ஆர்17 போடலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் 285/70 போதும் என்கிறார்கள். எது சரி?

பதில்: நண்பர்கள் சொல்வதே சரி. நிற்கும் வண்டியில் மட்கார்டுக்குக் கீழே தெரியும் இடத்தை அளந்து டயர் வாங்குவது, லிஃப்ட் செய்தவர்கள் பலரும் செய்யும் தவறு. லிஃப்ட் கிட் கூட்டுவது வண்டி நிற்கும் உயரத்தைத்தான். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி அந்தப் பக்கத்து ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது, அது எதுவரை மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. அதையும் நீளமானதாக மாற்றியிருந்தால் ஒழிய, லிஃப்டுக்கு முன் சக்கரம் எங்கே போய் நின்றதோ அங்கேதான் இப்போதும் போய் நிற்கும். கை நுழைந்த அந்த இடம் அப்போது இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 265/70 ஆர்17 என்றால் டயரின் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ.; ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் அதை இரண்டு முறை கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ. வரும். இதே முறையில் 285/70 டயருக்கு 831 மி.மீ., 315/70 டயருக்கு 873 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் ஆக்சிலுக்கு அடியில் உயரமாகக் கிடைக்கும் என்பதால், முதலாவது 14 மி.மீ. தரும், இரண்டாவது 35 மி.மீ. தரும். ஒரே குழாயாக வரும் பின் ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (எஞ்சின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர்ப் பெட்டி), எவ்வளவு லிஃப்ட் செய்தாலும் தரையிலிருந்து சிறிதும் உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. பெரிய டயர்மேல் உங்களுக்கு இருக்கும் ஆசையில் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த 35 மி.மீ.க்காக நீங்கள் இழப்பதையும் பார்க்க வேண்டும். விட்டம் 8.7 சதவீதம் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் சரியாக இருந்த வண்டியில் முள் 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 109 கி.மீ. ஆக இருக்கும். டிஃபரன்ஷியல் விகிதம் 4.10 (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதற்கு வரும் தண்டு 4.10 முறை சுற்ற வேண்டும்) என்று வைத்துக்கொண்டால் அது 3.77 போல நடந்துகொள்ளும்; செங்குத்தான ஏற்றத்தில் ஊர்ந்து ஏற வேண்டிய இடத்தில் எஞ்சின் திணறும். பழைய பிரேக்குகளே முன்பைவிடக் கனமான சக்கரத்தை நிறுத்தியாக வேண்டும். 285/70 டயரில் இந்த வித்தியாசம் 3.5 சதவீதம்தான் என்பதால், கியர் விகிதத்தை மாற்றாமலே சமாளிக்கலாம்.

அதையும் சோதித்துவிட்டு வாங்குங்கள். ஒரே ஒரு டயரை இரவல் வாங்கி முன்பக்கம் மாட்டி, அதன் தோள்பட்டையில் ஈரச் சாக்பீஸை அழுத்தித் தடவி, அந்தச் சக்கரத்தை மட்டும் சாய்தளத்தில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்து மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். மட்கார்டின் உள்பிளாஸ்டிக்கின் பின்மூலையிலோ, மேல் கண்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) ஓரத்திலோ வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் டயர் உரசும் இடம் அதுதான். பிளாஸ்டிக்கில் மெல்லிய கோடு விழுந்தால் அதைச் சற்று வெட்டிச் சரிசெய்யலாம். இரும்பில் விழுந்தால் அந்த அளவை மறந்துவிடுங்கள்.

கேள்வி: அதே உயரத்துக்கு 20 அங்குல அலாய் வீல் போட்டால் பார்க்க நன்றாக இருக்கிறதே, காட்டுப் பாதைக்கு ஆகாதா?

பதில்: 275/60 ஆர்20 டயரின் விட்டம் 838 மி.மீ., 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831 மி.மீ. என்பதால் உயரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். பக்கச்சுவரைப் பாருங்கள்: முதலாவதில் 165 மி.மீ., இரண்டாவதில் 199.5 மி.மீ. ஒரு கல்லின் விளிம்பு ரிம்மைத் தொடுவதற்கு முன் அமுங்கிக்கொடுக்கும் ரப்பரும் காற்றும் 34.5 மி.மீ. குறைந்துவிடுகின்றன. மணலிலும் பாறையிலும் காற்றைக் குறைத்து ஓட்டும்போது உங்களுக்கு உதவுவது இந்தப் பக்கச்சுவர்தான் என்பதால், நான் 17 அங்குலத்தைத் தாண்ட மாட்டேன். பிரேக் கேலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) இடம் கொடுத்தால் 16 அங்குலம் இன்னும் நல்லது. இரும்பு வீல் வளையும். வளைந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தி ஊர் வந்து சேரலாம். வார்ப்பு அலாய் வீல் கனம் குறைந்தது, ஆனால் பலமாக அடிபட்டால் விரிசல் விடக்கூடும்.

கேள்வி: வீல் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்பதற்காக ஆஃப்செட் குறைந்த வீல் வாங்க இருக்கிறேன். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு (வண்டியில் வீல் மாட்டப்படும் பாகம்) சேரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். +30 இருந்த இடத்தில் 0 உள்ள வீலைப் போட்டால், ரிம்மின் அகலம் மாறாவிட்டாலும் ஒவ்வொரு சக்கரமும் 30 மி.மீ. வெளியே வரும். அப்போது ஸ்டியரிங்கை ஒடிக்கையில் டயர் இன்னும் பெரிய வட்டத்தில் சுற்றி மட்கார்டின் பின்மூலையைத் தேடிப் போகும். வீல் பேரிங்கின்மேல் நெம்புகோல் போலச் சுமை கூடும். குழியில் விழும்போது ஸ்டியரிங் கையில் உதைக்கும். அகலமான டயர் கண்ட்ரோல் ஆர்மில் படாமலிருக்க 10 அல்லது 15 மி.மீ. குறைப்பது நியாயமான தேவை. அழகுக்காக அதற்குமேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பல நாடுகளின் சாலை விதிகள் அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

போல்ட் வட்டம் பொருந்தினால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். 6 x 139.7, அதாவது 139.7 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆறு போல்ட் என்பது, பல பெரிய எஸ்.யூ.வி.களில் வரும் அளவு. ஆனாலும் நடு ஓட்டை ஹப்பில் இறுக்கமாக உட்கார்கிறதா, வீல் நட்டின் அடிப்பகுதி வீலின் குழிவோடு பொருந்துகிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு பட்டறையில் என் வண்டிக்குக் கூம்பு வடிவக் குழிவு உள்ள வீலை மாட்டி, தட்டை அடியுள்ள பழைய நட்டுகளையே போட்டு முறுக்கிவிட்டார்கள். இரண்டாம் நாள் முன்பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தேன். ஆறு நட்டில் நான்கைக் கையாலேயே சுழற்ற முடிந்தது. குழிவைச் சுற்றி அலுமினியம் பளபளவென்று தேய்ந்திருந்தது. நல்ல வேளையாக வண்டி மண்பாதையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து புது வீல் மாட்டினால் 50 முதல் 100 கி.மீ.க்குள் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) ஒருமுறை மறுபடி இறுக்காமல் நான் விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

கேள்வி: ஏ.டி. (எல்லாத் தரைக்குமான) டயரா, எம்.டி. (சேற்றுத் தரைக்கான) டயரா? வாரநாட்களில் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான்.

பதில்: ஏ.டி. டயரே போதும். எம்.டி. டயரில் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருப்பதால் சகதியை உதறித் தள்ளும். ஆனால் ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது தரையைத் தொடும் ரப்பர் குறைவு. வேகமாகப் போனால் இரைச்சலும் அதிகம். மாதத்தில் பல நாள் முழங்கால் அளவு சேற்றில் இறங்குபவருக்கு அது சரி. உங்களுக்கு, பக்கச்சுவரில் மூன்று அடுக்கு உள்ள நல்ல ஏ.டி. டயரைத் தேடுவது மேல்.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் சுமை எண்ணையும் படியுங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 116 என்றால் 1250 கிலோ. வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. எல்.டி. (இலகு ரக டிரக்) என்று குறித்த டயர்களுக்கு அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும் என்பதால், கதவோரத்தில் ஒட்டியிருக்கும் பழைய அளவை அப்படியே பின்பற்றாமல், டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அகலமான டயர்தான் மணலுக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: காற்றைக் குறைக்கும்போது டயர் தரையைத் தொடும் இடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. 235/85 ஆர்16, 265/75 ஆர்16 இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒல்லியான முதலாவது உரசலும் குறைவு, ஸ்டியரிங்கும் இலேசு. மணலில் சாதாரண வீலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போய் வண்டியை வளைத்துத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுக்காதீர்கள்.

கேள்வி: லிஃப்டுக்குப் பிறகு புது டயர் போட்டும் வண்டி சாலையில் அலைபாய்கிறது. டயர் குறையா?

பதில்: பெரும்பாலும் கேஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்ததுதான் காரணம். வீல் அலைன்மென்ட் பார்த்து, அளவுக்குள் வராவிட்டால் சரிசெய்யக்கூடிய மேல் கண்ட்ரோல் ஆர்ம் போட வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் ஓட்டினால் புது டயரின் ஓரங்கள் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கேள்வி: நான்கு டயர் மட்டும் மாற்றிவிட்டு, ஸ்டெப்னியாகப் பழையதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும் வண்டியில் விட்டம் மாறிய ஒரு சக்கரம், முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலை ஓய்வின்றிச் சுழல வைத்துச் சூடாக்கும். ஐந்தாகவே வாங்குங்கள், ஐந்தையும் சுழற்சி முறையில் மாற்றி மாட்டினால் ஸ்டெப்னியும் சமமாகத் தேயும். வாங்குவதற்கு முன், வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் 831 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் சைலன்சர் குழாயில் படாமல் ஏறுகிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.