ஞானஸ்நானம் எடுத்த பிறகும் குடி விடவில்லை: கேள்வி பதில்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயர் சொன்னால் நம் ஊரில் பலருக்குப் புரியாது, மார்மன் சபை என்றால்தான் புரியும். அந்தச் சபைக்குப் புதிதாக வந்து, பழைய குடியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் போதை மறுவாழ்வு வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சபையின் மீட்புக் குழுவில் உதவி செய்கிறேன். அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, சென்னையிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பல வருஷமாக தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று தேதி குறித்ததும், முந்தாநாள் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கமே இல்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாத்தான் சோதிக்கிறான், உபவாசம் இருங்கள் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. இதைப் படித்ததும் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இது சோதனை இல்லை, உடம்பு. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம் இருக்கும். தினமும் அதைப் போல இரண்டு மடங்குக்குப் பழகின மூளை, திடீரென்று நிறுத்தினால் தறிகெட்டு ஓடும். நடுக்கமும் வியர்வையும் முதல் நாளே வரும். வலிப்பு பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் மறக்கும். ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அது இதுதான். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும்.

மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். நாள்பட்ட குடிகாரர்களுக்கு அந்தச் சத்து வறண்டு போயிருக்கும், அதனால்தான் உபவாசம் கூடவே கூடாது என்கிறேன். எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டார் கௌரவத்துக்காகப் பாதியாகக் குறைத்துச் சொல்வதை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் மருந்தின் அளவும் தப்பாகிவிடும்.

ஞானஸ்நானத் தேதியைத் தள்ளி வைக்கலாம். மிஷனரிகளிடம் நீங்களே சொல்லுங்கள். அவர்கள் இருபது வயசுப் பிள்ளைகள், குடியை நிறுத்தினால் வலிப்பு வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெபம் வேண்டுமென்றால் மூப்பர்கள் மருத்துவமனைக்கே வந்து ஆசீர்வாதம் கொடுப்பார்கள்.

கேள்வி: கோவையில் லேத் பட்டறையில் வேலை. போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பழைய கூட்டாளிகளோடு டாஸ்மாக் பக்கம் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வர வெட்கமாக இருக்கிறது. என் ஞானஸ்நானம் செல்லாமல் போய்விட்டதா? பெயரை எடுத்துவிடுவார்களா?

பதில்: செல்லும் தம்பி. மறுபடி எடுக்கத் தேவையில்லை. பெயரையும் எடுக்க மாட்டார்கள். குடி, புகையிலை, டீ, காபி ஆகாது என்கிற நம் சபைப் போதனைக்கு ஞான வார்த்தை என்று பெயர். அதைக் கைக்கொள்ளாததற்காக யார் மேலும் ஒழுங்கு விசாரணை நடத்துவதில்லை என்று சபைத் தலைவர்களுக்கான கையேட்டிலேயே இருக்கிறது.

ஞாயிறு வாருங்கள். திருவிருந்துத் தட்டு வரும்போது எடுக்கலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால், கிளைத் தலைவரிடம் பேசும்வரை எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பாரோ என்று கவலைப்படாதீர்கள், அவர் மடியில் இருக்கும் குழந்தையைச் சமாளிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும்.

சனிக்கிழமைக்கு வருவோம். உங்களுக்கு ஆபத்தான நேரம் சம்பளத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம்தான். அதை மட்டும் மாற்றுங்கள். சம்பளத்தை மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். நாலு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடுங்கள், பசியோடு இருந்தால் குடி ஆசை இரட்டிப்பாகும். சபையில் ஒருவரைப் பட்டறை வாசலுக்கு வண்டியோடு வரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். ‘எனக்கு மன உறுதி இல்லை’ என்று எழுதுகிற பலருக்கு உண்மையில் இல்லாதது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு வண்டிதான்.

கேள்வி: சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்தவன் நான். கானாவூர் கலியாணத்தில் இயேசுவே தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே. நம் சபையில் மட்டும் ஏன் ஒரு பெக் கூட ஆகாது?

பதில்: வேதத்தில் திராட்சரசம் இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. இந்தத் தடை 1833 பிப்ரவரி 27-ல், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லண்டில் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் பெற்ற வெளிப்படுத்தலிலிருந்து வருகிறது. நம் வேதங்களில் ஒன்றான கோட்பாடும் உடன்படிக்கைகளும் புத்தகத்தில் 89-ஆம் பிரிவு, ஞான வார்த்தை என்பது அதுதான். அங்கே ஒரு கடையின் மேல்மாடி அறையில் கூடிய மூப்பர்கள் புகையிலை மென்று தரையெல்லாம் துப்பி வைக்க, அதைக் கழுவின ஜோசப்பின் மனைவி எம்மா ஸ்மித் அலுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று சபையின் இரண்டாவது தலைவர் பிரிகாம் யங் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிரிவின் தொடக்கத்தைப் படியுங்கள். கட்டளையாகவோ கட்டாயமாகவோ கொடுக்கப்படவில்லை என்று இருக்கும். பரிசுத்தவான்களிலேயே மிகவும் பலவீனமானவரின் திராணிக்கும் ஏற்றது என்றும் இருக்கும். அதற்கப்புறமும் பழைய உறுப்பினர்கள் பலர் குடித்தார்கள். ஹீபர் ஜே. கிராண்ட் சபைத் தலைவராக இருந்தபோது, 1921-லிருந்துதான் ஆலயத்துக்குள் (ஞாயிறு கூடும் இடம் இல்லை, விசேஷச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்) போவதற்கு இது கண்டிப்பான நிபந்தனை ஆனது. சபைக்கே 88 வருஷம் பிடித்திருக்கிறது. புதிதாக வந்த ஒருவரை மூன்று வாரத்தில் தேறிவிட வேண்டும் என்று நாம் நெருக்குவதுதான் எனக்கு ஆறுவதில்லை.

சரி, உங்கள் ஒரு பெக்குக்கு பதில்: ஆகாது. ஞானஸ்நானத்துக்கு முந்தின நேர்காணலில் அதற்குச் சம்மதித்துத்தான் வந்தீர்கள்.

கேள்வி: ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்தேன். பையன் சாம்பாரில் அந்தப் பொடியைக் கலந்து கொடுக்கலாமா? டாக்டர் தரும் மாத்திரை ஞான வார்த்தைக்கு விரோதமா?

பதில்: பொடி வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் பையன் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்களும் அந்த மருந்தைக் கொடுப்பதுண்டு, ஆனால் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடு.

டாக்டர் எழுதித் தரும் மருந்து ஞான வார்த்தைக்கு விரோதம் இல்லை. குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இருக்கின்றன. எது யாருக்குச் சரி என்பதைக் கல்லீரல், சிறுநீரகம் பார்த்து அவர்கள் முடிவு செய்வார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 14446, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் கிடையாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது. பெங்களூர்க்காரர்களுக்கு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை.

கேள்வி: மலேசியா, கிள்ளான். வீட்டில் நான் மட்டும்தான் சபைக்குப் போகிறேன். வருஷா வருஷம் முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படைப்போம். பூசை முடிந்ததும் அண்ணன் எல்லோருக்கும் ஊற்றுவார். மறுத்தால் சாமி குத்தம் என்று அம்மா அழுகிறார்.

பதில்: பூசையில் நிற்பதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி சம்பந்தப்பட்டது, அதில் நான் தலையிட மாட்டேன். ஊற்றுகிற நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முந்தின நாளே அண்ணனைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். கூட்டத்தில் மறுத்தால் அவருக்கு அவமானம், தனியாகச் சொன்னால் அவரே மறைத்துவிடுவார். ‘சபையில் ஆகாது’ என்று ஆரம்பித்தால் மதச் சண்டை ஆகும். ‘எனக்கு ஒன்றோடு நிற்காது, உனக்கே தெரியும்’ என்றால் அவரால் மறுக்க முடியாது. அன்றைக்குச் சமையலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டி பிடித்தவனிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. அம்மாவுக்குப் பதில் பேச வேண்டாம், அவருக்குச் சாப்பாடு போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் கிளையில் மொத்தமே நாற்பது பேர்தான். தலைவரிடம் சொன்னால் அடுத்த ஞாயிறு ஊருக்கே தெரிந்துவிடாதா?

பதில்: அவரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அவர் மனைவியிடம் கூட. ஆனாலும் சின்னக் கிளையின் நிலைமை எனக்குத் தெரியும். பேச்சைத் தொடங்கும்போதே ‘இது உங்களோடு இருக்கட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மீட்புக் குழுவும் இருக்கிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் பன்னிரண்டு படிகளை அவர்கள் அனுமதியோடு நம் விசுவாசத்துக்கேற்பத் தழுவியது, பணம் கட்ட வேண்டாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கும் தனிக் குழு உண்டு. அங்கேயும் தெரிந்த முகம் இருக்கும் என்று தயங்கினால், நேராக ஏ.ஏ. கூட்டத்துக்கே போங்கள், தமிழிலேயே நடக்கிறது. சபைக்குத் துரோகம் ஒன்றும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கட்டிப் புரண்டவர்கள்தான் என் வார்டுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் ஐ.டி. வேலை. ஆஃபீஸ் பார்ட்டியில் ஆல்கஹால் இல்லாத பீர் குடிக்கலாமா?

பதில்: குடிப் பழக்கமே இல்லாதவர் கேட்டால் யோசிப்பேன். நீங்கள் பழகினவர், அதே பாட்டில், அதே கசப்பு, அதே வாசனை. வேண்டாம். நம் சபையின் தலைமையகம் இருக்கிற உங்கள் ஊரில் எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை, அந்த வசதி கோயம்புத்தூர்த் தம்பிக்கு இல்லை.

கேள்வி: அக்கா, குடியைக் கூட விட்டுவிட்டேன். டீயை விட முடியவில்லை. தலை வெடிக்கிறது.

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வரும்! ஒரேயடியாக நிறுத்தாமல் ஒரு வாரம் அரை டம்ளர், அடுத்த வாரம் கால் டம்ளர் என்று இறக்குங்கள், தலைவலி அடங்கிவிடும். நாலு மணிக்குக் கையில் சூடாக ஒரு டம்ளர் வேண்டும், அதுதானே? சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுங்கள். வீட்டிலேயே காய்ச்சுங்கள், சில கடைகளில் சுக்குமல்லியிலும் காபித்தூளைத் தட்டிவிடுவார்கள்.