போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் கீ ஃபைல்: கேட்டதும் சொன்னதும்

பாஸ்வேர்டுக்குப் பதில் சான்றிதழ் காட்டி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் இணைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சான்றிதழுக்கு ஜோடியான ரகசியச் சாவிதான் கீ ஃபைல். வந்த வரிசையிலேயே பதில்.

கேள்வி: அண்ணா, கீ ஃபைலை எங்கே வைப்பது?

லினக்ஸில் ஹோம் டைரக்டரிக்குள் .போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டர், அதில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கீ என்ற பெயரில் வைத்தால் பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைவரி கிளையன்ட்) தானே எடுத்துக்கொள்ளும். வேறு இடமென்றால் இணைப்பு வரியில் எஸ்எஸ்எல்கீ என்று பாதையைக் கொடுங்கள், சான்றிதழுக்கு எஸ்எஸ்எல்செர்ட்.

கேள்வி: கீ ஃபைலை மற்றவர்களும் படிக்கலாம், அனுமதி 0600 அல்லது அதற்குக் கீழே இருக்கணும் என்று எரர். 777 போட்டும் போகவில்லை சார்.

777 போட்டால் எப்படிப் போகும்? அது ஊருக்கே திறந்து விடுவது, எரர் கேட்பதோ நேரெதிர். சிஎச்மாட் 600 போடுங்கள் (சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்), அந்த ஃபைல் உங்கள் ஆப் ஓடுகிற யூசரின் பெயரில் இருக்கிறதா என்றும் எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் ரூட்டாகப் போய் காப்பி செய்துவிட்டு 600 போட்டால் ஆப்பால் அதைத் திறக்கவே முடியாது. கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னட்டீஸில் கீயை சீக்ரெட்டாக (ரகசியத் தகவலாக) மவுன்ட் செய்பவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி, ஃபைல் ரூட் பெயரில்தான் வரும். போஸ்ட்கிரெஸ் 15 கிளையன்ட் லைப்ரரி, ரூட்டுக்குச் சொந்தமான கீ என்றால் 0640-ஐ (குரூப்பும் படிக்கலாம்) ஏற்கிறது. ஆப் யூசர் அந்த ஃபைலின் குரூப்பில் இருந்தால் போதும்.

கேள்வி: அதே கீ பிஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறது, ஜாவாவில் ஓடவில்லை ப்ரோ.

வடிவம்தான் பிரச்சினை. ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் பிகேசிஎஸ்8 கட்டளையால் டிஇஆர் என்ற பைனரி வடிவுக்கு மாற்றி, .பிகே8 என்று சேமித்துக் கொடுங்கள். பைனரி ஃபைல் அது, எடிட்டரில் திறந்து பார்த்துவிட்டு கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: கீக்குப் பாஸ்பிரேஸ் (கீயைத் திறக்கும் பாஸ்வேர்டு) போட்டிருக்கேன். சர்வீஸாக ஓட்டினால் அப்படியே நிற்கிறது.

பாஸ்பிரேஸை யார் டைப் செய்வார்கள் என்று காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து எஸ்எஸ்எல்பாஸ்வேர்டு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஆனால் அதையும் கீ பக்கத்திலேயே கான்ஃபிக் ஃபைலில் எழுதி வைத்தால் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

கேள்வி: சான்றிதழ் தர, கீயை மெயிலில் அனுப்பு என்கிறார் அட்மின். அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. கீயை உங்கள் மெஷினிலேயே உருவாக்கி, சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம்) ஃபைலை மட்டும் அனுப்புங்கள்; கையொப்பமிட அவருக்கு அது போதும். ஏற்கெனவே அனுப்பியாச்சு என்றால் மெயிலை அழித்துப் பயனில்லை, புதுக் கீ போட்டுவிட்டு பழைய சான்றிதழை ரத்து செய்யச் சொல்லுங்கள்.